பஞ்ச் பொன்ஸு ஆன கதை

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல் கல்வெட்டு, கோயில், பழைய பயணிகள் குறிப்பு என்று ஏதாவது எழுதித் தருவேன் என்றுதான் எண்ணியிருப்பார்கள். நான் சொன்ன தலைப்பைக் கேட்டதும் தொலைபேசியில் சற்று நேரம் பேச்சே இல்லை. "சார், இது குடி சம்பந்தப்பட்ட விஷயமாச்சே?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார் நண்பர். "குடியில ஆரம்பிச்சு எலுமிச்சம்பழத்துல முடியும், பயப்படாதீங்க" என்றேன்.

வாசகர்களுக்கும் அதே உறுதியைத் தருகிறேன். இதை எழுதுபவன் வாழ்நாளில் மதுவைத் தொட்டதில்லை. லேக் மார்க்கெட் பக்கம் நாற்பது வருஷத்துக்கு மேலாகக் குடியிருக்கிறேன். காலையில் ஃபில்டர் காபி, மாலையில் தெருமுனையில் மண் குவளை டீ, இவை இரண்டுதான் என் பழக்கங்கள். ஆனால் மதுவைப் பற்றி எழுதுவது தமிழுக்குப் புதிதல்ல. யவனர் கப்பலில் கொண்டுவந்த குளிர்ந்த நறுமண மதுவைப் பொற்கலத்தில் ஏந்திக் கொடுக்க, பாண்டியன் நன்மாறன் பருகுவதைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாடியிருக்கிறார். கப்பலில் வந்த மதுவைப் பற்றி அவர் சொன்னார். கப்பலில் போன மதுவைப் பற்றி நான் சொல்லப் போகிறேன்.

இதற்குக் காரணம் என் அக்கா மகன். அவனைப் பற்றி யாராவது விசாரித்தால், "ஹோட்டல் மேனேஜ்மெண்ட் படிச்சிட்டு ஹோட்டல்ல இருக்கான்" என்று சொல்லி எங்கள் குடும்பத்தில் எல்லோரும் நிறுத்திக்கொள்வோம். சொன்னது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. ஹோட்டலில் அவன் நிற்கும் இடம் பார். விதவிதமான காக்டெயில்களைக் கலந்து கொடுக்கும் பார்டெண்டர் அவன். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்தான்.

"மாமா, எங்க பார்ல புதுசா ஒரு ட்ரிங்க் போடறேன். பழைய பஞ்ச்தான், ஆனா ஜப்பான் ஸ்டைல்ல. மெனு கார்டுல மூணு வரி கதை எழுதணும். பஞ்ச்னா ஹிந்தில அஞ்சுன்னு சொல்றாங்க. அதுல பொன்ஸுன்னு ஒரு ஜப்பான் சாஸ் சேர்க்கறேன். அந்தப் பேரும் பஞ்ச்லேர்ந்துதான் வந்ததாம். ரெண்டும் நெஜமா? நீங்கதான் புஸ்தகம் பாக்கறவராச்சே!"

மூன்று வரிதானே, அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நாலு மாதம் ஆயிற்று. அந்த நாலு மாதத்தில் நான் தெரிந்துகொண்டவற்றின் சுருக்கமே இக்கட்டுரை.

ஐந்தா, பீப்பாயா?

காக்டெயில் என்ற சொல்லுக்கு முதலில் அச்சில் விளக்கம் வந்தது 1806இல், அமெரிக்காவில். மது, சர்க்கரை, தண்ணீர், கசப்புச் சாறு ஆகியவை கலந்த பானம் என்று ஒரு நியூயார்க் மாநிலப் பத்திரிகை எழுதியது. பஞ்ச் அதைவிட ஏறக்குறைய 175 வருஷம் மூத்தது. அந்த வகையில் கலப்பு மதுக்களுக்கெல்லாம் அது பாட்டனார்.

ஆங்கிலத்தில் 'பஞ்ச்' என்ற சொல் முதன்முதலாகக் காணப்படும் இடம் எது தெரியுமா? லண்டன் அல்ல. 1632இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆள் ஒருவர், பெத்தபள்ளி என்ற ஊரில் இருந்த இன்னொரு வணிகருக்கு எழுதிய கடிதத்தில் அது வருகிறது. பெத்தபள்ளி என்பது இன்றைய ஆந்திரக் கடற்கரையில் உள்ள நிஜாம்பட்டணம். நம் சோழமண்டலக் கரையின் வடபகுதி என்று சொல்லலாம். ஆறு வருஷம் கழித்து, 1638இல், மாண்டெல்ஸ்லோ என்ற ஜெர்மானியர் சூரத்தில் ஆங்கிலேயர்கள் குடித்த பானத்தை வர்ணிக்கிறார். சாராயம், பன்னீர், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை என்று அவர் தரும் பட்டியலில் நான்குதான் இருக்கின்றன.

ஐந்து என்ற கணக்கைச் சொன்னவர் ஜான் ஃப்ரையர். கம்பெனி மருத்துவராக 1673இல் இந்தியா வந்தவர். சென்னைக் கோட்டையையும் பார்த்து எழுதியவர். இந்துஸ்தானியில் ஐந்து என்று பொருள்படும் சொல்லே இந்தப் பானத்தின் பெயர், அதில் ஐந்து சரக்குகள் சேர்வதால் அப்படி அழைக்கிறார்கள் என்பது அவர் விளக்கம். சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், மசாலா என்று பின்னால் வந்தவர்கள் கணக்கை ஒழுங்காக்கிவிட்டார்கள். பஞ்சாமிர்தம், பஞ்சாங்கம், பஞ்சகவ்யம் என்று கேட்டுப் பழகிய நமக்கு இதை நம்புவதில் சிரமமே இல்லை.

அகராதிக்காரர்களுக்குத்தான் சிரமம். அவர்கள் சொல்லும் தடைகள் இரண்டு. பழைய குறிப்புகளில் சரக்குகள் ஐந்தாக இருப்பதில்லை. மூன்றும் நான்குமாக மாறுகின்றன. இது முதல் தடை. இரண்டாவது, உச்சரிப்பு. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள் அந்தச் சொல்லைப் 'புஞ்ச்' என்பதுபோல் உச்சரித்தார்கள். அதனால்தான் அதைக் காதால் கேட்டு எழுதிய பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் பொஞ்ச், புன்ட்ஸ் என்று எழுதினார்கள். 'பாஞ்ச்' என்ற நெடிலில் இருந்து அந்த ஒலி எப்படி வரும்? ஆகவே கப்பலில் மது ஏற்றும் பீப்பாய்க்கு ஆங்கிலத்தில் உள்ள பஞ்சன் என்ற பெயரை மாலுமிகள் சுருக்கியிருக்கலாம் என்பது எதிர்க்கட்சி.

வழக்கு இன்னும் தீரவில்லை. பெயர் எதுவானாலும், பானம் பிறந்தது இந்தியக் கரையோரத்தில், ஐரோப்பிய மாலுமிகள் கையில் என்பதற்குச் சான்று பலமாக இருக்கிறது. ஐரோப்பாவில் இருந்து ஏற்றிவந்த பீரும் ஒயினும் வெப்பத்தில் கெட்டுவிடும், அல்லது வழியிலேயே தீர்ந்துவிடும். இங்கே அகப்பட்டது நம்மூர்ச் சாராயம். அதை அப்படியே விழுங்கினால் தொண்டை எரியும். எலுமிச்சையும் சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்தால் தாங்கும். அந்தத் தேவையில் பிறந்ததுதான் இந்தக் கலவை. பிற்காலத்தில் இதற்கு ஒரு வாய்பாடே ஏற்பட்டது. புளிப்பு ஒரு பங்கு, இனிப்பு இரண்டு, மது மூன்று, நீர்த்தது நான்கு. இன்றும் பார்டெண்டர்கள் இதை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

சங்கத்து இளைஞர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "சார், எப்படியாவது இதைத் தமிழ்ச் சொல்லுன்னு காட்ட முடியாதா?" என்றார். முடியாது. அதற்காக வருந்தவும் வேண்டாம். 'கறி' என்ற நம் சொல் 'கரி' ஆகி ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து ஜப்பான் போய்க் 'கரே' ஆகி, இன்று அந்த நாட்டின் அன்றாடச் சாப்பாடாகவே இருக்கிறது. இதே கல்கத்தாவில் இருந்து 1915இல் கப்பலேறி ஜப்பானுக்குத் தப்பிச் சென்ற ராஷ் பிஹாரி போஸ், தமக்கு அடைக்கலம் கொடுத்த தோக்கியோ நகாமுராயா குடும்பத்தாருக்கு இந்தியக் கறி செய்யும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். 1927 முதல் அந்தக் கடையில் அது விற்பனைக்கு வந்தது. இன்றும் பேர் பெற்றது. நமக்கு அந்த ஒன்று போதும்.

வங்காளத்தில் பஞ்ச்

பிரெஞ்சு மருத்துவர் பெர்னியே, ஔரங்கசீப் காலத்தில் வங்காளத்துக்கும் வந்தார். இங்குள்ள ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் 'பூல்பொஞ்ச்' குடித்து உடம்பைக் கெடுத்துக்கொள்வதாக எழுதியிருக்கிறார். கிண்ணம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் பஞ்ச்சையும் சேர்த்து அவர் காதில் விழுந்தது அப்படி. அதன் செய்முறையையும் தருகிறார். கறுப்புச் சர்க்கரையில், அதாவது வெல்லத்தில், காய்ச்சிய சாராயம், எலுமிச்சைச் சாறு, தண்ணீர், மேலே கொஞ்சம் ஜாதிக்காய். நாக்குக்கு இதம், உடம்புக்குக் கேடு என்பது மருத்துவரான அவர் தீர்ப்பு. கப்பல் ஆட்கள் அளவு மீறாமல் இருக்கக் கம்பெனிகள் கட்டுப்பாடு கொண்டுவந்த பின் நோய் குறைந்ததாகவும் குறிப்பிடுகிறார்.

கல்கத்தா நகரம் எழுந்தபின் மாலுமிகள் குடிக்கும் விடுதிகளுக்குப் 'பஞ்ச் ஹவுஸ்' என்றே பெயர் வந்தது. லால்பஜார், பௌபஜார் பகுதிகள் இதற்குப் பேர் போனவை. இன்று லால்பஜார் என்றால் போலீஸ் தலைமையகம் என்றுதான் நமக்குத் தெரியும். அந்தத் தெருவில் ஒரு காலத்தில் போலீசுக்கு வேலை வைத்தவர்கள் குடியிருந்தார்கள் என்பது வேடிக்கை.

நான் கவனிக்கச் சொல்வது பெர்னியே சொன்ன இன்னொரு ஆளை. டச்சுக்காரர். ஹூக்ளி நதிக்கரையில் சின்சுரா அவர்களுடைய ஊர். ஹவுராவில் லோக்கல் ரயில் ஏறினால் ஒரு மணி நேரம். நம் தமிழ்க் கரையில் பழவேற்காடும் நாகப்பட்டினமும் அவர்கள் கையில் இருந்தன. நாகப்பட்டினத்தை 1781இல் ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டார்கள். சின்சுராவும் பழவேற்காடும் 1824ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஒன்றாகவே கைமாறி, 1825இல் ஆங்கிலேயர் வசம் வந்தன. ஒரே கையெழுத்தில் வங்காளத்து ஊரும் தமிழ்நாட்டு ஊரும் போயின. சின்சுராவில் டச்சுக் கல்லறைத் தோட்டம் இன்னும் இருக்கிறது. பழவேற்காட்டிலும் அப்படியே.

தேஜிமாவுக்குப் போன சொல்

1641 முதல் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஜப்பானுக்குள் வியாபாரம் செய்ய அனுமதி பெற்ற ஒரே ஐரோப்பியர் டச்சுக்காரர்கள். அதுவும் நாட்டுக்குள் அல்ல. நாகசாகித் துறைமுகத்தில் விசிறி வடிவில் கட்டிய தேஜிமா என்ற செயற்கைத் தீவில். சுமார் 120 மீட்டர் நீளம், 75 மீட்டர் அகலம். நம் தெற்குக் கல்கத்தாவின் நடுத்தரப் பூங்கா ஒன்றில் அடங்கிவிடும். அங்கேதான் அவர்கள் வாழ்ந்தார்கள்.

அங்கே வந்து இறங்கிய சரக்கில் நம் இரண்டு ஊர்களும் இருந்தன. வங்காளத்துப் பட்டு நூலை டச்சுக் கம்பெனி பதினேழாம் நூற்றாண்டில் ஏராளமாக ஜப்பானுக்கு அனுப்பியது. இரும்புத் துருவின் செந்நிறச் சாயத்துக்கு ஜப்பானிய மொழியில் பெயர் 'பெங்கரா'. வங்காளம் என்பதன் டச்சு உச்சரிப்பில் இருந்து வந்தது. பழைய ஜப்பானிய வீடுகளின் மரச்சட்டங்களில் பூசியிருக்கும் சிவப்பு இதுதான். அதேபோல் கோடு போட்ட பருத்தித் துணி ஒன்றுக்குச் 'சந்தொமே' என்று பெயர். எது அந்தச் சந்தொமே? மயிலாப்பூரை அடுத்த நம் சாந்தோம்தான்! வங்காளத்துச் சிவப்பும் சாந்தோம் துணியும் ஜப்பானிய அகராதியில் அக்கம்பக்கத்துக்காரர்களாக இருக்கின்றன. கொல்கத்தாத் தமிழனுக்கு இதைவிட மகிழ்ச்சி தரும் செய்தி வேறு என்ன வேண்டும்?

இந்தக் கப்பல்களோடுதான் சொற்களும் இறங்கின. பீர் 'பீரு' ஆயிற்று, காபி 'கோஹீ' ஆயிற்று, கண்ணாடி 'கராசு' ஆயிற்று. சாராயத்துக்கு வழங்கிய அரக் 'அரக்கி' ஆயிற்று. பஞ்ச்சை டச்சுக்காரர் 'பொன்ஸ்' என்பார்கள். அதுவும் இறங்கியது. சின்சுராவில் கலந்த கிண்ணம்தான் போய்ச் சேர்ந்தது என்று நான் வாதாட மாட்டேன். கம்பெனி ஒன்று, அதன் கப்பல்கள் படாவியா வழியாக ஓடிய பாதை ஒன்று. அவ்வளவு சொன்னால் போதும்.

இனிமேல் நடந்ததுதான் சுவை. ஜப்பானியர் நாவில் 'ஸ்' என்ற மெய்யில் சொல் முடியாது. பின்னால் ஒரு உகரம் வேண்டும். நாம் மட்டும் என்ன, பஸ்ஸை 'பஸ்ஸு' என்றும் பெஞ்ச்சைப் 'பெஞ்சு' என்றும் சொல்கிறவர்கள்தானே! அப்படிப் பொன்ஸ், 'பொன்சு' ஆனது. ஜப்பானிய மொழியில் 'சு' என்றால் காடி, அதாவது வினிகர். பானத்தில் எலுமிச்சைப் புளிப்பு வேறு இருக்கிறது. ஆகவே கேட்டவர்கள் இந்தச் சொல்லின் வாலை அந்தச் 'சு' என்றே எடுத்துக்கொண்டு, காடியைக் குறிக்கும் எழுத்தையே போட்டு எழுதலானார்கள். சொல் 'பொன்ஸு' ஆகி, பொருளும் நகர்ந்துவிட்டது. முதலில் புளிப்புப் பழச்சாற்றைக் குறித்தது. பின்பு அதில் சோயா சாஸ் சேர்ந்த தொடுகறியைக் குறித்தது. கலவையில் இருந்த சாராயம் மறைந்தது, சர்க்கரை மறைந்தது, ஜாதிக்காய் மறைந்தது. எலுமிச்சை மட்டும் தங்கிவிட்டது.

பொன்ஸு என்பது என்ன?

பொன்ஸுவின் உயிர் பழச்சாறு. யூஸு, சுதாச்சி, கபோசு, தைதை என்று பல எலுமிச்சைச் சாதிகளை அதற்குப் பயன்படுத்துவார்கள். இவற்றில் தைதை நம் நாரத்தங்காயை நினைவூட்டுவது. பறிக்காமல் விட்டால் பழம் மரத்திலேயே அடுத்த ஆண்டு வரை தங்கும். ஒரே மரத்தில் பழைய காயும் புதிய காயும் சேர்ந்து இருக்கும். 'தைதை' என்ற ஒலிக்குத் தலைமுறை தலைமுறையாக என்றும் பொருள் உண்டு. அதனால் புத்தாண்டு அலங்காரத்தில் அரிசிப் பிண்டத்தின் மேல் இந்தப் பழத்தை வைப்பார்கள்.

சாற்றுடன் சோயா சாஸ், அரிசிக் காடி, மிரின் என்ற இனிப்பு அரிசி மது, கொம்பு என்ற கடற்பாசி, காய்ந்த சூரை மீன் சீவல் ஆகியவற்றைச் சேர்த்து ஊறவைத்து வடிகட்டினால் பொன்ஸு. சூரை மீன் சீவல் என்றதும் தென்கரைக்காரர்களுக்கும் இலங்கைத் தமிழர்களுக்கும் மாசிக் கருவாடு ஞாபகம் வரும். ஏறக்குறைய அதுவேதான். கொம்பில் உள்ள தனிச்சுவையை ஆராய்ந்துதான் இகேதா என்ற வேதியியலார் 1908இல் 'உமாமி' என்ற பெயரைச் சூட்டினார். சைவர்கள் கொம்பை மட்டும் வைத்துக்கொண்டு மீனை விட்டுவிடலாம். ஒன்றும் குறையாது.

இந்தப் பழங்கள் எல்லாம் எங்கிருந்து வந்தவை? எலுமிச்சைக் குடும்பத்தின் மரபணுக்களை ஆராய்ந்து 2018இல் வெளிவந்த ஆய்வு, இதன் தாய்வீடு இமயமலையின் தென்கிழக்கு அடிவாரம் என்கிறது. அசாம், வட மியான்மர், சீனாவின் யுன்னான் சேர்ந்த பகுதி. அதாவது ஜப்பானின் யூஸுவும், நாம் இங்கே தினமும் தயிர்சாதத்துக்குப் பக்கத்தில் நறுக்கி வைக்கும் கந்தராஜ் எலுமிச்சையும் ஒரே கூட்டுக் குடும்பத்துப் பிள்ளைகள்.

அக்கா மகனின் கிண்ணம்

இப்போது அவன் கலந்ததைச் சொல்கிறேன். மதுவுக்கு ஜப்பானியச் சோச்சு. பார்லி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, அரிசி போன்றவற்றில் காய்ச்சி வடிப்பது. தெற்கே அமாமித் தீவுகளில் மட்டும் கறுப்புச் சர்க்கரையில் காய்ச்சும் ஒரு வகை உண்டு. பெர்னியே வங்காளத்தில் கண்ட வெல்லச் சாராயத்துக்கு அதுதான் நேர் தம்பி. இங்கே அது கிடைக்காததால் பார்லிச் சோச்சுவே போதும் என்று வைத்துக்கொண்டான். இனிப்புக்கு வங்காளத்துப் பேரீச்ச மரத்துப் பாட்டாலி வெல்லம். புளிப்புக்குக் கந்தராஜ். அதில் சாறு கம்மி, மணம் தோலில் இருக்கிறது. ஆகவே தோலைச் சீவி வெல்லத்தோடு பிசைந்து ஒரு மணி நேரம் வைத்து, மணத்தை இறக்கிவிட்டு, சாதாரண எலுமிச்சைச் சாறும் சேர்க்கிறான். தண்ணீருக்குப் பதில் டார்ஜிலிங் பச்சைத் தேயிலையின் ஆறிய வடிநீர். ஜாதிக்காய்க்குப் பதில் ஜப்பானியர் சன்ஷோ என்ற மிளகு தூவுவார்கள். அதன் ஒன்றுவிட்ட சகோதரன் திம்மூர், நம் டார்ஜிலிங் மலைப் பக்கத்துச் சந்தைகளில் கிடைக்கும். நாக்கு லேசாக மரத்துப்போகும் அந்தத் திம்மூரைத் தூவுகிறான்.

"இதோட அஞ்சு ஆச்சு மாமா. கடைசியா நாலு சொட்டு பொன்ஸு."

"அப்ப ஆறாயிடுமே?"

"அதுதான் ட்விஸ்ட்!"

உப்பு எதற்கு என்று கேட்டேன். இனிப்பும் புளிப்பும் சேர்ந்த இடத்தில் ஒரு துளி உப்பு விழுந்தால் இரண்டும் எடுத்துக்காட்டும் என்றான். எலுமிச்சை ஜூஸில் நம் பாட்டிமார் ஒரு சிட்டிகை உப்புப் போடுவதன் ரகசியம் இதுதான். தொழில் தெரிந்தவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட இவன் வேலையைப் பற்றி இவனிடம் நான் எதுவும் கேட்டதில்லை என்பது உறைத்தது.

அவன் மெனு கார்டுக்கு நான் எழுதிக் கொடுத்த மூன்று வரி இது. பதினேழாம் நூற்றாண்டில் இந்தியக் கடற்கரையில் பிறந்த கலவை பஞ்ச். அதன் பெயர் டச்சுக் கப்பலில் ஜப்பான் போய்ப் பொன்ஸு ஆயிற்று. இரண்டும் இந்தக் கிண்ணத்தில் மறுபடி சந்திக்கின்றன. 'ஐந்து' என்பது நிச்சயமில்லை, ஆகவே விட்டுவிடு என்றேன். அவனுக்கு முகம் வாடியது. ஆனால் விட்டுவிட்டான்.

அக்காவின் பயம்

இரண்டு வருஷத்துக்கு முன் அவனுக்குச் சென்னையில் ஒரு வரன் பார்த்தோம். எல்லாம் கூடிவந்தது. "மாப்பிள்ளை ஹோட்டல்ல இருக்கார்" என்று அவர்களிடம் சொன்னவர்களில் நானும் ஒருவன். பிறகு அவர்களே விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள். "பார்ல ஊத்திக் குடுக்கறவர்னு நீங்க சொல்லலையே" என்று பெண்ணின் அப்பா கேட்டார். என்னிடம் பதில் இல்லை. சம்பந்தம் நின்றுவிட்டது. அவன் வேலையால் நின்றதா, நாங்கள் மறைத்ததால் நின்றதா என்று அன்றைக்கு யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. என் அக்கா பழியை வேலை மேல் போட்டாள். "இந்தப் பொழப்பே வேண்டாம், விட்டுடு" என்று அழுதாள்.

அக்காவின் பயம் வெறும் கௌரவப் பயம் என்று தள்ளிவிடக் கூடாது. 2011 டிசம்பரில் இங்கே தெற்கு 24 பர்கனாவில் சங்கராம்பூர்ப் பக்கம் கள்ளச் சாராயம் குடித்து 150 பேருக்கு மேல் இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். சாராயத்தில் கலந்த மெத்தனால் உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறும். கண் பார்வையைப் பறிக்கும், உயிரையும் எடுக்கும். இறந்தவர்கள் பெரும்பாலும் கூலி வேலைக்காரர்கள். நல்ல சாராயமே ஆனாலும் எத்தனை குடும்பத்தை அது தெருவில் நிறுத்தியிருக்கிறது என்பதை நம் வீட்டுப் பெண்களிடம் கேட்டால் தெரியும். பெர்னியே 350 வருஷத்துக்கு முன் சொன்னதையே அக்காவும் சொல்கிறாள். அவள் சொல்வது சரி. பையன் வேலையை மறைத்தது மட்டும்தான் சரியில்லை. அதில் எனக்குப் பங்கு உண்டு. அதை இந்த மலரிலேயே எழுதிவிடுவது என்று தீர்மானித்தேன். அவனிடமும் அக்காவிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஒரு சனிக்கிழமை அவன் வீட்டிலேயே பொன்ஸு செய்தான். மிரினும் மீனும் இல்லாமல். கந்தராஜ் தோல் சீவல், எலுமிச்சைச் சாறு ஒரு கிண்ணம், சோயா சாஸ் ஒரு கிண்ணம், இரண்டு கரண்டி காடி, ஒரு கரண்டி சர்க்கரை, நியூ மார்க்கெட்டில் தேடி வாங்கிய ஒரு துண்டு கொம்பு. எல்லாவற்றையும் கண்ணாடி ஜாடியில் போட்டு ஒரு ராத்திரி குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் வடிகட்டினான். வெள்ளரிக்காய் நறுக்கி அதன்மேல் இரண்டு கரண்டி விட்டு அம்மாவிடம் நீட்டினான். அக்கா சந்தேகத்தோடு வாயில் வைத்தாள்.

"இது நம்ம எலுமிச்சங்கா ஊறுகாய்த் தண்ணி மாதிரி இருக்குடா."

"அதேதாம்மா. இந்த ஊர்ப் பக்கத்துலேர்ந்து போனதுதான்."

பிறகு அக்கா ஒரு கேள்வி கேட்டாள். "அந்தப் பஞ்ச்ல சாராயத்தை எடுத்துட்டா என்னடா மிச்சம்?" அவன் விரல் விட்டு எண்ணினான். வெல்லம், எலுமிச்சை, தண்ணீர், வாசனைச் சரக்கு. அக்கா சிரித்துவிட்டாள். "சுக்கும் ஏலக்காயும் போட்டா ராமநவமிப் பானகம்! அஞ்சும் ஆச்சு." நாலு மாதம் புத்தகம் புரட்டிய எனக்கு இது தோன்றவில்லை. வரும் ராமநவமிக்குச் சங்கத்தில் பானகம் அவன் கையால் என்று முடிவாகியிருக்கிறது. கந்தராஜ் தோல் வாசனையோடு.

குழந்தைகளை ஒரு விடுமுறை நாளில் சின்சுராவுக்கு அழைத்துப் போகும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஆற்றங்கரையில் நின்று, இந்தத் தண்ணீரில் போன கப்பல்களின் சரக்கும் சாந்தோம் துணியும் ஒரே தீவில் போய் இறங்கின என்று சொல்லுங்கள். நம் பிள்ளைகள் பேசும் தமிழில் பாதி பங்களா, கால் இங்கிலீஷ் என்று நாம் குறைப்படுகிறோம். பொன்ஸுவைப் பார்த்த பிறகு, எது போயிற்று என்பதோடு எது தங்கியிருக்கிறது என்பதையும் ஒரு தடவை எண்ணிப் பார்க்க எனக்குத் தோன்றுகிறது.

போன மாதம் கோயம்புத்தூரில் இருந்து ஒரு ஜாதகம் வந்தது. அவர்கள் தொலைபேசியில் விசாரித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். அக்கா என்னைப் பார்த்தாள், பிறகு நிதானமாகச் சொன்னாள். "பையன் பார்ல வேலை பார்க்கறான். பார்டெண்டர். குடிக்க மாட்டான். எலுமிச்சம்பழத்தைப் பத்தி அவன் பேச ஆரம்பிச்சா நீங்க கேட்டுண்டே இருக்கலாம்."

அவர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.